அரைகுறையாக நிற்கும் நாலு வேலை: டிசைனர் அப்பாக்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மூன்று மில்லிமீட்டர் | மே 11, இரவு 11:40

தாம்பரத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. 1987-ல் அப்பா கட்டியது, தரைத்தளம் மட்டும். நான் செயலிகளுக்கும் இணையதளங்களுக்கும் திரை வடிவமைக்கிறவன். அதற்கு முன் எட்டு வருடம் அச்சு வேலை. கல்யாணப் பத்திரிகையில் ஆரம்பித்து ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி வரை எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது வீட்டிலிருந்தே வேலை. மனைவி வங்கியில் இருக்கிறாள், எட்டே முக்காலுக்குக் கிளம்பினால் வீடு திரும்ப ஏழு ஆகிவிடும். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நாலு. பள்ளி வேன் 7:50-க்கு வரும். அதுவரை டிபன், டப்பா, காணாமல் போன ஒற்றை சாக்ஸ் எல்லாம் என் துறை.

வாரத்தில் இரண்டு நாள் நியூயார்க்குடன் அழைப்பு. அவர்களுக்குக் காலை பத்து மணி, நமக்கு இப்போது ஏழரை. சரியாகப் பிள்ளைகள் சாப்பிடுகிற நேரம்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் நாலு வேலை பாதியில் நிற்கிறது. மகளின் படிப்பு மேசைக்கு வாங்கிய பிளைவுட் வெட்டின துண்டுகளாக மார்ச்சிலிருந்து ஹால் சுவரில் சாய்ந்திருக்கிறது. சின்னவன் அறையில் புட்டி போட்டுத் தேய்த்ததோடு சரி, பிரைமர்கூட அடிக்கவில்லை. சமையலறையில் மூன்று தட்டு அடிப்பதாகச் சொல்லி இரண்டு அடித்தேன். ஹால் கூரையில் போன மழைக்கு வந்த கறை, சப்பாத்தி அளவில் ஆரம்பித்தது, இப்போது தோசைக்கல் அளவுக்கு வந்துவிட்டது. அதற்கு இன்னும் கையே வைக்கவில்லை.

போன வாரம் மகளின் தோழி வந்தாள். சாய்ந்திருந்த பிளைவுட்டைக் காட்டி, "இது என் டேபிள், இன்னும் டவுன்லோட் ஆகிட்டிருக்கு" என்று மகள் விளக்கம் கொடுத்தாள். மனைவி சிரிக்கவில்லை. இரவு பாத்திரம் கழுவும்போது சொன்னாள்: "கிளையண்ட்டுக்கு வெள்ளிக்கிழமைன்னா வெள்ளிக்கிழமை. வீட்டுக்கு மட்டும் எப்பவும் அடுத்த ஞாயிறு."

பதில் சொல்ல வாய் வரவில்லை. இதே நிலையில் இருக்கிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? ஆள் வைத்துச் செய் என்று மட்டும் சொல்லாதீர்கள். கையால் செய்வதுதான் எனக்கு வாரத்தில் ஒரே ஆறுதல்.


பெருங்களத்தூர் தச்சன் | மே 12, காலை 6:15

தம்பி, பிளைவுட் சுவரில் சாய்ந்து இரண்டு மாதம் இருந்தால் வில்லாக வளையும். முதலில் அதைத் தரையில் படுக்க வையுங்கள். அடியில் மூன்று ரீப்பர், அதாவது நீள மரச்சட்டம், கொடுத்து, மேலே சமமான பாரம் வையுங்கள்.

வெட்டின துண்டு ஏன் சேரவில்லை என்று நீங்கள் எழுதவில்லை. நானே ஊகிக்கிறேன். அளவு சரியில்லை, அப்படித்தானே? சுவர் மூலை மட்டம் பார்த்தீர்களா? பழைய வீட்டில் பூச்சு வேலை மூலையில் தடித்துப் போயிருக்கும். மூலையிலிருந்து ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, குறுக்கே அளந்தால் 5 அடி வர வேண்டும். கூடினாலோ குறைந்தாலோ மூலை மட்டத்தில் இல்லை.

என்ன பிளை? 303 முத்திரையா 710 முத்திரையா? மேசைக்கு 303 போதும். சமையலறைத் தட்டுக்குத் தண்ணீர் படும் என்பதால் 710, மரைன் என்பார்களே, அதைப் போடுங்கள்.


மூன்று மில்லிமீட்டர் | மே 12, பகல் 1:05

தச்சன் அண்ணா, கையைப் பிடித்துவிட்டீர்கள். அளவுதான்.

மேசையை முப்பரிமாணத்தில் வரைந்து, 8-க்கு 4 ஷீட்டில் ஒரு துண்டுகூட வீணாகாமல் அடுக்கி, கடையில் கொடுத்து வெட்டி வாங்கினேன். வரைபடத்தில் எல்லாம் கச்சிதம். வீட்டுக்கு வந்து சேர்த்துப் பார்த்தால் கடைசித் துண்டு கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. ரம்பத்தின் பல் ஒவ்வொரு வெட்டுக்கும் ஏறக்குறைய 3 மி.மீ. தின்னும் என்பது தலையில் உறைக்கவே இல்லை. மூன்று வெட்டு, 9 மி.மீ. போச்சு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அச்சில் இருந்த எட்டு வருடமும் பத்திரிகை ஓரத்தில் 3 மி.மீ. கூடுதலாக விட்டுத்தான் வடிவமைத்தேன், வெட்டுகிற கத்தி முன்பின் நகரும் என்பதற்காக. என் பெயரைப் பாருங்கள், அதனால் வந்ததுதான்.

உங்கள் 3-4-5 கணக்கைச் சாப்பாட்டு நேரத்தில் போட்டேன். குறுக்கே 5 அடி 1 அங்குலம் வருகிறது. மூலை விரிந்திருக்கிறது. திரையில் ஒரு பெட்டியைச் சுவரோரம் இழுத்தால் தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அப்பா கட்டின சுவர் அப்படி ஒட்டவில்லை.


பெருங்களத்தூர் தச்சன் | மே 12, இரவு 9:30

பெயரே மூன்று மில்லிமீட்டர், அதையா மறந்தீர்கள்! எங்கள் பட்டறையில் இனி இதுதான் கதை.

குறையை மறைக்க வழி இருக்கிறது. பின்பக்கம் சுவரோடு ஒட்டுகிற இடத்தில் தேக்கு ரீப்பர் ஒன்றைக் கொடுத்து, சுவர் எப்படிப் போகிறதோ அப்படி இழைத்துவிடுங்கள். மேசை நேராக இருக்கட்டும், ரீப்பர் சுவர் சொன்னபடி கேட்கட்டும். உயரத்தைக் குழந்தைக்கென்று குறைக்காதீர்கள், இரண்டே வருடத்தில் முட்டி இடிக்கும். 29, 30 அங்குலத்தில் வைத்துவிட்டு, உயரமான நாற்காலியும் கால் வைக்க ஒரு கட்டையும் கொடுங்கள். உட்கார்ந்தால் முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும், அதுதான் அளவு. வளர வளரக் கட்டையை எடுத்துவிடலாம்.


இரட்டையர் அப்பா | மே 13, காலை 10:20

கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் சொல்லக்கூடாது என்றதைத்தான் சொல்லப்போகிறேன். நானும் டிசைனர்தான், மோஷன் கிராஃபிக்ஸ். இரட்டைக் குழந்தைகள் பிறந்த வருடம் பால்கனியை நானே மாற்றுகிறேன் என்று இறங்கினேன். ஐந்து மாதம். இரண்டு தடவை முதுகு பிடித்துக்கொண்டது, ஒரு கிளையண்ட் கைவிட்டுப் போனார். கடைசியில் ஒரு கொத்தனாரும் சித்தாளும் நாலே நாளில் முடித்துவிட்டுப் போனார்கள்.

நான் அப்போது போட்ட கணக்கு எல்லாம் பொய்க்கணக்கு. 'கூலி மிச்சம்' என்று எழுதினேனே தவிர, நான் தூங்காத ராத்திரி, அவள் இரண்டு குழந்தைகளையும் தனியாகப் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகள் இதையெல்லாம் எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.

கையால் செய்வது ஆறுதல் என்கிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறுதலின் செலவை வீட்டில் வேறு யாரோ கட்டுகிறார்களா என்று பாருங்கள்.


சுகந்தி மாடித்தோட்டம் | மே 13, மாலை 4:45

இரட்டையர் அப்பாவுக்கு ஒரு சபாஷ்.

மூன்று மில்லி, உங்கள் மனைவி சொன்னதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். மீதியை நான் சொல்கிறேன், எங்கள் வீட்டிலும் ஒரு 'கைவேலைக்காரர்' இருக்கிறார். டிரில் போட்டு முடித்ததும் அவருக்கு வேலை முடிந்தது. படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பியாயிற்று. சுவர்த்தூள் குக்கர் மேல், தண்ணீர்க் குடத்து மூடி மேல், குழந்தையின் யூனிஃபார்ம் மேல் எல்லாம் படிந்திருக்கும். அதைத் துடைக்கிறவருக்கு அன்றைக்குத்தான் வேலை ஆரம்பம். ஸ்க்ரூ கீழே விழுந்தால் எடுக்க மாட்டார், மறுநாள் காலில் குத்தும்போது 'அட, இங்கேயா இருக்கு!' என்பார்.

பாதியில் நிற்கிற வேலை சும்மா நிற்பதில்லை. அதைச் சுற்றிப் பெருக்க வேண்டும், தள்ளி வைத்துத் துடைக்க வேண்டும், விருந்தாளி வந்தால் சமாதானம் சொல்ல வேண்டும். அந்த பிளைவுட்டை இரண்டு மாதத்தில் உங்கள் மனைவி எத்தனை தடவை நகர்த்தியிருப்பார்? கேட்டுப் பாருங்கள்.


மூன்று மில்லிமீட்டர் | மே 14, இரவு 12:10

கேட்டேன். "எண்ணலை" என்றாள். கொஞ்சம் கழித்து, "செவ்வாய், வெள்ளி வீடு துடைக்கிற நாள் எல்லாம்" என்றாள். வாரத்துக்கு இரண்டு என்றால் இருபதுக்கு மேல் வருகிறது. நான் அந்த ஷீட்டை ஒரே ஒரு தடவைதான் தூக்கினேன், ஆட்டோவிலிருந்து ஹாலுக்கு.

ஃபிரிட்ஜ் கதவில் மஞ்சள் சீட்டு ஒட்டி, செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று பத்தி வைத்திருந்தேன். ஆபீஸில் இதுதான் எங்கள் வேதம். வீட்டில் நடுப்பத்தியில் மட்டும் பதினோரு சீட்டு. மின்விசிறிக் காற்றில் இரண்டு பறந்துபோய் ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடந்தன. அவை என்ன வேலை என்று எனக்கே மறந்துவிட்டது.

இன்றைக்கு ஒரு ஒப்பந்தம். நடுப்பத்தியில் ஒரே ஒரு சீட்டுதான் இருக்கலாம். பெருக்கித் துடைத்து, கருவிகளைப் பெட்டியில் வைத்த பிறகுதான் அது அடுத்த பத்திக்குப் போகும். நகர்த்துகிற உரிமை அவளுக்கு. அப்புறம் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் டிரில்லைத் தொடக்கூடாது, ஆரம்பித்தால் ராத்திரிக்குள் முடியாது என்பது அவள் அனுபவம். முதல் சீட்டு மேசை.


கோவை வயர்மேன் | மே 14, காலை 7:50

டிரில் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளை போடாதீர்கள், பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் இறங்கும். 87-ல் கட்டிய வீடு என்கிறீர்கள், மெயின் போர்டில் ஆர்சிசிபி இருக்கிறதா? கசிவு மின்சாரம் வந்தால் சட்டென்று விழுகிற சுவிட்ச், 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கும். இல்லையென்றால் முதல் சீட்டு அதுதான், மேசை இல்லை. அது ஆள் வைத்துச் செய்கிற வேலை. இருந்தால் அதில் உள்ள டெஸ்ட் பட்டனை எப்போதாவது அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் மாற்றுங்கள்.


மூன்று மில்லிமீட்டர் | மே 14, காலை 8:10

இருக்கிறது. வாங்கி வைத்த நாளிலிருந்து அழுத்தியதில்லை. இப்போது அழுத்தினேன், விழுந்தது. கூடவே மோடமும் போனது, 8:15-க்கு மீட்டிங்.


ரசாயன வாத்தியார் | மே 16, இரவு 8:30

புட்டி போட்டுத் தேய்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள். பழைய பெயிண்ட்டையும் சேர்த்துத் தேய்த்தீர்களா? ஜன்னல் கம்பி, கதவுகளில் அந்தக் காலத்து எனாமல் இருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. நாலு வயதுப் பையன் தவழ்ந்து புரளுகிற அறையில் அந்தத் தூள் வேண்டாம். உலர் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற தாளை வாங்குங்கள். தேய்த்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பம் போட்டால் தூள் பறக்கும். வேலை முடிகிற வரை பையன் வேறு அறையில் தூங்கட்டும்.


ஓய்வுபெற்ற ஓவர்சியர் | மே 18, காலை 5:40

எல்லோரும் மேசையையும் பெயிண்ட்டையும் பேசுகிறீர்கள். கூரைக் கறையை யாரும் கேட்கவில்லை. சென்னையில் ஆண்டு மழை 1,400 மி.மீ.க்குப் பக்கம், அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். தளத்தில் செய்ய வேண்டியதை வெயில் காலத்திலேயே செய்ய வேண்டும். மேசை காத்திருக்கும், மழை காத்திருக்காது.

உங்கள் வீட்டுக் காலத்தில் கான்கிரீட் தளத்துக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று, நாலு அங்குலம் போட்டு இடித்து, அதன்மேல் தட்டோடு பதிப்பார்கள். ஓட்டு இடுக்கு வழியாக நுழைகிற தண்ணீர் நேராகக் கீழே இறங்காது. ஜல்லிக்குள்ளேயே வாட்டம் பார்த்து ஊர்ந்துபோய், கான்கிரீட்டில் எங்கே பலவீனமோ அங்கே இறங்கும். ஆகவே கறை ஹாலில் இருப்பதால் ஓட்டையும் ஹாலுக்கு மேலேதான் என்று நினைத்து அந்த இடத்தில் மட்டும் எதையாவது பூசினால் காசுதான் கரையும்.

மூன்று காரியம் செய்யுங்கள். கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், வளர்கிறதா என்று தெரியும். மாடிக்குப் போய் தட்டோடுகளை ஒரு கட்டையால் தட்டிக்கொண்டே வாருங்கள், பொத்தென்று கேட்கிற இடம் தூக்கிக்கொண்டிருக்கிறது. பிறகு சந்தேகப்படுகிற பகுதியில் களிமண்ணால் பாத்தி கட்டி இரண்டு நாள் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள்.

ஒரு கேள்வி. கடந்த இரண்டு வருடத்தில் மாடித் தளத்தில் எங்காவது துளை போட்டீர்களா? டிஷ் ஆண்டெனா, ஏசி வெளிப்பெட்டி, கொடிக்கம்பி, எதற்காவது?


ஸ்கார்பரோ பொடியன் | மே 19, காலை 9:00

அண்ணை, உங்கட கதை எங்கட வீட்டுக் கதைதான், சுவர் மட்டும் வேற. இங்கே கனடாவில் உள்சுவர் ஜிப்சம் பலகை. அதுக்குப் பின்னால் 16 அங்குலத்துக்கு ஒரு மரக்கட்டை நிக்கும், அதில் ஸ்க்ரூ ஏறினால்தான் தட்டு தாங்கும். நான் கட்டையைத் தவறவிட்டு வெறும் பலகையில் அடிச்சு, தட்டும் அம்மாவின் குத்துவிளக்கும் சேர்ந்து விழுந்தது. விளக்குக்கு ஒண்டும் ஆகேல்லை, தரைதான் பள்ளம். அம்மா இண்டைக்கும் வாறவைக்குப் பள்ளத்தைக் காட்டித்தான் தேத்தண்ணி குடுப்பா.


வகுப்பறை ஓவியன் | மே 21, மாலை 6:20

வடிவமைப்பு சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் ஒரு குறுக்கீடு. 1958-ல் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் நம் அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961-ல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது அதன் தொடர்ச்சியாகத்தான். அதில் அவர்கள் மெச்சிய பொருள் நம் வீட்டுச் சொம்பு. தண்ணீர் எவ்வளவு பிடிக்கும், இடுப்பிலா தலையிலா கையிலா தூக்குவது, வாய் எவ்வளவு அகலம் இருந்தால் ஊற்ற வரும், கழுவ வரும் என்று கேள்விமேல் கேள்வி.

'கழுவ வரும்' என்பதைக் கவனியுங்கள். சுகந்தி அம்மா மேலே சொன்னதும் அதுதான். நாம் திரைக்கு வரைகிறபோது பயனர் யார், எத்தனை தடவை தொடுவார் என்று வாரக்கணக்கில் ஆராய்கிறோம். சமையலறைத் தட்டு அடிக்கும்போது மட்டும், 'எனக்கு எட்டுகிறது' என்று டிரில்லை எடுத்துவிடுகிறோம். மூன்று மில்லி, நீங்கள் அடித்த இரண்டு தட்டும் யார் உயரத்துக்கு?


மூன்று மில்லிமீட்டர் | மே 21, இரவு 10:55

என் உயரத்துக்கு. இப்போது எழுதும்போதுதான் தெரிகிறது. மேல்தட்டில் பருப்பு டப்பா எடுக்க அவள் முக்காலி போடுகிறாள். அந்த முக்காலி அங்கே ஏன் வந்தது என்று இத்தனை நாள் யோசிக்கவே இல்லை.


மூன்று மில்லிமீட்டர் | ஜூன் 15, இரவு 9:40

மேசை முடிந்தது. நாலு வார இறுதி ஆயிற்று. தச்சன் அண்ணா சொன்ன ரீப்பர்தான் காப்பாற்றியது. இழைப்புளி பிடிக்கத் தெரியாமல் முதல் ரீப்பரைப் பல்வரிசை மாதிரி ஆக்கிவிட்டேன், இரண்டாவது பரவாயில்லை. ஓரத்துக்கு மைக்காப் பட்டை ஒட்டுகிற வேலையை மகள் எடுத்துக்கொண்டாள். பசை தடவி, பத்து நிமிடம் பொறுத்து, ஒரே மூச்சில் அழுத்த வேண்டும். பத்து நிமிடம் பொறுப்பது அவளுக்கு வந்தது, எனக்குத்தான் வரவில்லை.

சின்னவனுக்கு ரசமட்டத்தைக் கொடுத்துவிட்டேன். நடுவில் நிற்கிற அந்தப் பச்சைக் குமிழி அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. வீடு முழுக்க அளந்தான். டிவி ஸ்டாண்டு சரி, இட்லிப் பானை மூடி சரியில்லை, தூங்குகிற பாட்டி 'கொஞ்சம் சாய்வு'. கடைசியில் என் புது மேசையில் வைத்தான். குமிழி இடப்பக்கம் ஒதுங்கியது. "அப்பா, தப்பு" என்றான். வலது பக்கக் காலுக்கு அடியில் இரண்டு மைக்காத் துண்டு வைத்துச் சமன் செய்தேன். அதன் பிறகுதான் அவன் கையெழுத்துப் போட்டான்.

சீட்டை மனைவி நகர்த்தினாள். ஆனால் அன்றைக்கு இல்லை, மறுநாள். சோபாவுக்கு அடியில் மரத்தூள் இருந்ததாம்.

இப்போது சின்னவன் அறை. வாத்தியார் சொன்னபடி ஈரம் தொட்டுத் தேய்த்தாயிற்று. நிறத்தில் ஒரு பாடம். அவன் கேட்டது 'கிளிப் பச்சை'. கடையில் ஷேடு கார்டில் கட்டை விரல் அளவு சதுரத்தைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நிறத்தோடுதானே இருபது வருடமாகக் குடித்தனம் என்ற திமிர். ஒரு சுவர் அடித்ததுமே அறை பாசிக்குளம் மாதிரி ஆகிவிட்டது. திரையில் நிறம் ஓரிடத்தில் அடங்கி நிற்கும். அறையில் ஒரு சுவரின் பச்சை எதிர்ச்சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புகிறது. போதாக்குறைக்கு 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட், பச்சையை நீலத்துக்கு இழுக்கிறது. இப்போது அதே வரிசையில் மூன்று படி வெளுத்த நிறத்தை வாங்கி, நாலு சுவரிலும் இரண்டடிக்கு இரண்டடி அடித்துவைத்து, காலை, மதியம், இரவு பார்க்கிறேன். பையன் தினமும் மூன்று வேளையும் ஓட்டுப் போடுகிறான். மூன்றும் வேறு வேறு.


இரட்டையர் அப்பா | ஜூன் 16, காலை 11:00

அழைப்பு நேரம் என்ன ஆயிற்று? இரவு ஏழரை மீட்டிங்கும் சாப்பாடும்?


மூன்று மில்லிமீட்டர் | ஜூன் 16, பகல் 2:15

கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். செவ்வாய் அழைப்புக்குப் பதில் வேலையைத் திரையில் பதிவு செய்து அனுப்பட்டுமா என்றேன். "நாங்களே கேட்க நினைத்தோம், எங்களுக்கும் அந்த நேரம் குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடி வருகிற நேரம்" என்று பதில் வந்தது. இரண்டு வருடம் ஒருவரையொருவர் கஷ்டப்படுத்திக்கொண்டிருந்திருக்கிறோம். வியாழன் மட்டும் மிச்சம்.


சுகந்தி மாடித்தோட்டம் | ஜூன் 17, காலை 7:05

எல்லாம் சரி. ஓவர்சியர் ஐயா ஒரு கேள்வி கேட்டு ஒரு மாதம் ஆகிறது. நீங்கள் வேறு எல்லாருக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள்.

என் நினைவு சரியென்றால், போன வருடம் மாடித்தோட்ட இழையில் நீங்கள் ஒரு படம் போட்டீர்கள். பச்சை வலைப் பந்தல், இரும்புக் குழாயில் நாலு கால், 'நானே செய்தது' என்று. நான்கூட அளவு கேட்டேன். அந்தக் கால்கள் எதில் நின்றன?


மூன்று மில்லிமீட்டர் | ஜூன் 17, இரவு 11:30

மாட்டிக்கொண்டேன்.

ஆமாம். நாலு காலுக்கும் அடித்தட்டு வைத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு போல்ட். பதினாறு துளை, 10 மி.மீ. பிட், நல்ல ஆழம். தட்டோட்டையும் ஜல்லியையும் தாண்டி கான்கிரீட்டைப் பிடித்தால்தான் காற்றுக்கு நிற்கும் என்று கணக்குப் போட்டுச் செய்தது. காற்றுக்கு நன்றாகத்தான் நிற்கிறது.

ஐயா கேட்ட அன்றைக்கே மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பின்பக்கம், சமையலறைக்கு மேலே இரண்டு கால் ஹாலைவிட உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் வாட்டம் அங்கிருந்து ஹாலைப் பார்த்து. ஒரு போல்ட்டைக் கழற்றினேன். முழுக்கத் துரு, உள்ளே ஈரம். மழை நின்று ஐந்து மாதம் கழித்து, இந்த வெயிலில். (மாடித்தொட்டி நிரம்பி வழிவதும் அந்தப் பக்கம்தான்.)

அன்றைக்கே இங்கே எழுதியிருக்கலாம். எழுதினால் மனைவியிடமும் சொல்ல வேண்டும். பந்தல் அவள் பிறந்தநாளுக்காகச் செய்தது. கறை வந்தபோது 'அப்பா காலத்துக் கட்டடம், அப்படித்தான்' என்று சொன்னவன் நான். செத்துப்போன மனிதர் மேல் பழியைப் போட்டுவிட்டு ஆறு மாதம் சும்மா இருந்திருக்கிறேன். இன்று மாலை சொல்லிவிட்டேன். அவள் கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "மாமா படத்துக்கு முன்னாடி போய்ச் சொல்லுங்க" என்றாள். போய்ச் சொன்னேன்.


ஓய்வுபெற்ற ஓவர்சியர் | ஜூன் 18, காலை 5:30

நான் வேலையில் இருந்த காலத்திலும் ஒழுக்கு என்று வந்த புகாரில் முதலில் கேட்பது, யார் எதை நட்டீர்கள் என்றுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை, நேரம் இருக்கிறது.

பதினாறு போல்ட்டையும் கழற்றுங்கள். துளையை ஊதி, பிரஷ் போட்டுத் தூள் இல்லாமல் சுத்தம் செய்யுங்கள். நாலைந்து நாள் வெயிலில் காயட்டும். வெறும் சிமென்ட் பால் ஊற்றாதீர்கள், காய்ந்ததும் சுருங்கி ஓரத்தில் விலகும். துளை நிரப்புகிற கலவை, சுருங்காத கிரவுட் என்று கேட்டு வாங்கி, அடியிலிருந்து நிரப்புங்கள். சுற்றியுள்ள ஓடு தூக்கியிருந்தால் கொத்தனாரை வைத்து எடுத்து, புது ஓடு பதித்து, இடுக்கைப் பூசச் சொல்லுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையையும் வளைவாகப் பூசச் சொல்லுங்கள், அங்கேயும் தண்ணீர் தேங்கும். இதை நீங்களே செய்ய வேண்டாம். பக்கத்தில் நின்று பாருங்கள், அது போதும்.

பந்தலுக்கு, காலி பெயிண்ட் வாளி நாலு எடுத்து, குழாயை நடுவில் நிறுத்திக் கான்கிரீட் நிரப்புங்கள். தளத்தைத் தொடாமல் நிற்கும். புயல் அறிவிப்பு வந்தால் வலையை மட்டும் அவிழ்த்துவிட வேண்டும்.


இரட்டையர் அப்பா | ஜூன் 18, காலை 9:45

வாளிக்குத்தான் குறைவில்லையே, பாசிக்குளம் பெயிண்ட் ஒன்று காலியாக இருக்குமே.


மூன்று மில்லிமீட்டர் | ஜூலை 13, மாலை 5:20

கொத்தனார், சித்தாள், இரண்டு நாள். ஆடி பிறந்தால் மாமியார் எந்த வேலையும் ஆரம்பிக்க விடமாட்டார், அதற்குள் முடிக்க வேண்டும் என்று அவசரம். நான் பக்கத்தில் நின்றேன். சும்மா நிற்க முடியாமல் இரண்டு தடவை யோசனை சொன்னேன். மூன்றாவது தடவை கொத்தனார் டீ வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் செய்த ஒன்று கண்ணிலேயே இருக்கிறது. பூச்சு முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தின் உயர்ந்த மூலையில் மெதுவாகக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் நாக்கு மாதிரி நீண்டு, ஓரிடத்தில் தயங்கி, பக்கவாட்டில் ஒதுங்கி, மழைநீர்க் குழாய் வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. தயங்கின இடத்தில் கரண்டியால் ஒரு இழுப்பு. மறுபடி ஒரு வாளி. மூன்றாவது வாளிக்குத் தண்ணீர் எங்கும் நிற்கவில்லை. ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சின்னவன், அதன் பிறகு ஒரு வாரம் குளியலறையில் வாளி கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்தல் இப்போது நாலு வாளியில் நிற்கிறது. ஒன்று பாசிக்குளம்தான்.


மூன்று மில்லிமீட்டர் | நவம்பர் 16, காலை 8:25

நாலு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தீபாவளி வேலை மூச்சு முட்டியது. அமெரிக்காவில் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிட்டார்கள், வியாழன் அழைப்பு ஏழரையிலிருந்து எட்டரைக்குப் போய்விட்டது. சாப்பாடு தப்பித்தது, கதை சொல்கிற நேரம் மாட்டிக்கொண்டது. மகள் தம்பிக்குக் கதை சொல்கிறாள், தன் மேசையில் உட்கார்ந்து. கால் கட்டை இன்னும் இருக்கிறது.

போன வியாழன் அழைப்பின் நடுவில் மழை பிடித்தது. ஷட்டரை இறக்கின மாதிரி. திரையில் நாலு முகம், நான் ஏதோ பொத்தானின் இடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஹால் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ஸ்டூலைப் போட்டு ஏறி, உள்ளங்கையைக் கூரையில் வைத்துப் பார்த்தாள். அங்கிருந்தே கையைத் திருப்பிக் காட்டினாள். காய்ந்திருந்தது.

மூன்று நாள் மழை. இன்று காலை நான் ஏறிப் பார்த்தேன். மே மாதம் போட்ட பென்சில் கோடும், அதில் அவள் எழுதின தேதியும் அப்படியே இருக்கிறது. கறை அதைத் தாண்டவில்லை. இனி வெள்ளை அடித்து மறைத்துவிடலாமே என்றேன்.

"தை பிறக்கட்டும்" என்றாள். சீட்டை இன்னும் நகர்த்தவில்லை.


பெருங்களத்தூர் தச்சன் | நவம்பர் 16, இரவு 9:10

நல்லது தம்பி. சமையலறை மூன்றாவது தட்டு என்ன ஆயிற்று? எழுதவே இல்லையே.


மூன்று மில்லிமீட்டர் | நவம்பர் 16, இரவு 9:12

அதற்குத் தனி இழை தொடங்குகிறேன் அண்ணா.